லாரியில் டெம்பரேச்சர் முள் ஆடினால்: தொப்பூர் ஏறி வரும் டிரைவர்கள் எங்களிடம் கேட்பவை

சேலத்தில் லோடு ஏற்றித் தொப்பூர் கணவாய் ஏறி வரும் வண்டிகள், மேட்டைத் தாண்டியதும் தர்மபுரி பைபாஸ் ஓரம் மூச்சு வாங்க நிற்கும். டிரைவர் இறங்கி வந்து சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, முள்ளு ஆடுது." பதினெட்டு வருடமாக இந்தச் சாலையில் டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். வயரில் இருந்த கோளாறுக்காக ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடி) கழற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். "மீட்டர்தான் சரியில்லை" என்று ஓட்டிப்போய், சூட்டில் இன்ஜின் இறுகி நின்றுபோக (பிடிக்க) வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தவிர்த்திருக்கக்கூடிய செலவு. அதனால், அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பட்டறையில் நின்று சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

முள் ஆடினாலே இன்ஜின் போச்சா அண்ணே?

இல்லை. ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முள் எவ்வளவு வேகமாக ஆடுகிறது?

பெரிய லாரி இன்ஜினுக்குள் இருபது முப்பது லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு. அடுப்பில் வைத்த அண்டாத் தண்ணீர் ஒரு நொடியில் கொதித்து மறு நொடியில் ஆறுமா? இதுவும் அப்படித்தான். முள் 80-இல் இருந்து சட்டென்று 110-க்குத் துள்ளி உடனே இறங்கினால், அந்தச் சூடு தண்ணீரில் இல்லை. வயர், எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), சென்சார், மீட்டர் என்று மின்சாரப் பக்கம் தேட வேண்டும்.

முள் இரண்டு மூன்று நிமிடத்தில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கினால் உண்மையிலேயே தண்ணீர் சூடாகி ஆறுகிறது. ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப் பக்கம் போங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. மெதுவாக ஏறிக்கொண்டே வந்து பொத்தென்று விழுவது, பிறகு மறுபடி ஏறுவது. அநேகமாகத் தண்ணீருக்குள் காற்று இருக்கிறது, அல்லது தண்ணீரே குறைந்துவிட்டது. மூன்றில் இதற்குத்தான் நான் பயப்படுவேன்.

எவ்வளவு ஆடினால் சரி?

மேட்டில் ஏறும்போது ஐந்து முதல் பத்து டிகிரி கூடுவதும், இறக்கத்தில் அதே அளவு குறைவதும் சாதாரணம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூரில் கியரில் இறங்கினால், இன்ஜினுக்கு டீசல் கிட்டத்தட்டப் போகவே போகாது; முள் கொஞ்சம் தாழும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் முள் அடிமட்டம் வரை போய், சமதளத்துக்கு வந்த பிறகும் ஏற நேரம் எடுத்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறட்டும், டீசல் மிச்சமாகட்டும் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். இன்ஜின் பிடிப்பு போனால் முழுப் பாரமும் பிரேக் டிரம்மில் விழும். அந்தக் கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹெட்லைட் போட்டால் முள் ஏறுது, இண்டிகேட்டர் போட்டால் துடிக்குது. என்ன காரணம்?

எர்த். யோசிக்கவே வேண்டாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டருக்கு வரும் எர்த் வயர், கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டை, இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பட்டை, இந்த மூன்றையும் கழற்றி, துரு சுரண்டி, போல்ட்டை இறுக்குங்கள். டிப்பர் கேபின் முன்னால் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால் அந்த நடுப் பட்டைதான் முதலில் அறும். கிரஷர், குவாரி வண்டிகளில் இதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறோம்.

டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாகச் சேர்ந்து ஆடினால், இரண்டுக்கும் பொதுவாகப் போகும் சப்ளையிலோ எர்த்திலோதான் கோளாறு. இன்ஜினைத் தொட வேண்டாம்.

சென்சார் கெட்டதா என்று நானே பார்க்க முடியுமா?

ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய வண்டியில் முடியும். சாவியை ஆன் செய்து, சென்சார் தலையில் உள்ள வயரைக் கழற்றுங்கள். முள் குளிர் பக்கம் விழ வேண்டும். அந்த வயர் நுனியை ஒரு நொடி இன்ஜின் பாடியில் தொட வைத்தால் முள் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். அதிக நேரம் வைக்காதீர்கள். இரண்டும் நடந்தால் வயரும் மீட்டரும் நன்றாக இருக்கின்றன. சந்தேகம் சென்சார் மேல். முள் அசையவே இல்லையென்றால் வயரைப் பின்தொடர்ந்து போங்கள்.

கழற்றிய சென்சாரை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக எண் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் எண் குதித்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

புது சென்சார் மாட்டும்போது திரெட்டில் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்தத் திரெட்தான் எர்த். டேப் தடிமனாக இருந்தால் எர்த் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். புது சென்சாரும் பழையதைப் போலவே ஆடும். "மூணு சென்சார் மாத்திட்டேன் அண்ணே" என்று வருகிறவர்களில் சிலருக்கு அந்த டேப்பைப் பிரித்து எடுத்ததே வேலை.

பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டியிலும் இப்படித் தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த அந்தப் புது வண்டிகளில் சென்சார் முதலில் இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தகவல் தருகிறது. மீட்டர் முள் அங்கிருந்துதான் செய்தி வாங்குகிறது. வயரைப் பாடியில் தொட வைத்தால் தேவையில்லாத ஃபால்ட் கோடு விழும், சில நேரம் அதைவிடப் பெரிய செலவும் வரும். இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு, அதில் காட்டும் டிகிரியையும் முள் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். ஸ்கேனரில் எண் அசையாமல் நிற்க, முள் மட்டும் ஆடினால் கோளாறு டேஷ்போர்டில். ஸ்கேனர் எண்ணே குதித்தால் சென்சார் அல்லது அதன் கனெக்டர். கனெக்டரைப் பிரித்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் வாஷ் அடித்த மறுநாள் வருகிற புகார்களில் நிறைய இதுதான்.

முள் ஏறிக்கிட்டே வந்து திடீர்னு கீழே விழுந்துடுச்சு. ஆறிடுச்சுன்னு நினைச்சு ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். உடனே ஓரம் கட்டுங்கள்.

சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் சரியான சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்தோ கசிந்தோ தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், சென்சாரைச் சுற்றி வெறும் காற்று. முள் இறங்கிவிடும். உள்ளே ஹெட்டும் லைனரும் (பிஸ்டன் ஓடும் குழல்) தீய்ந்துகொண்டிருக்கும்போது டேஷ்போர்டு மட்டும் அமைதியாக இருக்கும். முள் இறங்கியதை நம்பிப் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

மேட்டில் ஏறும்போது மட்டும் சூடாகுது. சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் மட்டும் சூடாகுது. ரெண்டும் ஒண்ணா?

இரண்டும் வேறு. எப்போது ஏறுகிறது என்பதை நீங்கள் சரியாகச் சொன்னாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஊர்ந்து நிற்கும்போது ஏறி, நெடுஞ்சாலையில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. நின்ற வண்டிக்குக் காற்று தருவது ஃபேன் மட்டுமே. முதலில் ஃபேன் பெல்ட்டின் தளர்ச்சியைப் பாருங்கள். அடுத்து விஸ்கஸ் ஃபேன், அதாவது சூடானால் மட்டும் உள்ளே இருக்கும் ஆயில் பிடித்து வேகமாகச் சுற்ற வைக்கும் ஃபேன். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். தேன் பாட்டிலில் கரண்டி போட்டதுபோல இழுத்துப் பிடிக்க வேண்டும். காற்றாடி மாதிரி நாலைந்து சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிகான் ஆயில் வெளியேறிவிட்டது. நடு மையத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருப்பது இன்னொரு அடையாளம்.

லோடோடு மேலுமலை மேட்டில் ஏறும்போது மட்டும் ஏறி, சமதளத்தில் இறங்கினால், இன்ஜின் தரும் சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை. ரேடியேட்டர் உள்ளே உப்பு படிந்திருக்கலாம். வெளியே அடைத்திருக்கலாம். கிரானைட் தூசியில் ஓடும் வண்டிகளில் இன்டர்கூலருக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றை ஆற்றும் பெட்டி) ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் சந்தில் களிமண் மாதிரி கெட்டித்திருக்கும். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச்சை மேலிருந்து அடித்தால்தான் தெரியும். கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, தண்ணீரை மெதுவாக விடுங்கள். பிரஷர் கன்னைக் கிட்டே வைத்தால் இலைகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

இன்னொன்று கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. பழையதாகித் தொளதொளத்திருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக்கொள்ளும், விட்டால் விரியும். வண்டி நிற்கும்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டர் கொடுக்க, இன்னொருவர் ஃபேனிலிருந்து தள்ளி நின்று அந்த ஹோஸைப் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் பிரச்சினையே இருக்காதுன்னு சொல்றாங்களே?

நம் ஊரில் பரம்பரையாகச் சொல்லப்படும் தப்பு இது. வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கேட்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், சமதளத்தில் லோடு இல்லாமல் ஓடும்போது 60, 65 டிகிரியிலேயே நிற்கும். டீசல் முழுசாக எரியாது, மைலேஜ் விழும், ஆயிலில் கசடு சேரும், லைனர் சீக்கிரம் தேயும். அதைவிட முக்கியம்: பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடிப்பகுதி பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும். மேட்டில் முன்பைவிடச் சூடாகும்.

சோதிப்பது சுலபம். தெர்மோஸ்டாட் மேலேயே திறக்கும் டிகிரி பொறித்திருக்கும். 82 என்று நிறையப் பார்க்கலாம். பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட். 82-இல் வாய் திறக்க ஆரம்பித்து, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுசாகத் திறக்க வேண்டும். தாமதமாக, திக்கித் திக்கித் திறந்தால் முள் ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடும்.

ரேடியேட்டரில் குமிழி வருது. ஹெட் கேஸ்கட் போயிடுச்சுன்னு பட்டறையில் சொல்லிட்டாங்க. ஹெட்டை இறக்கலாமா?

ஒரு நாள் பொறுங்கள். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. ஏர் பிரேக் உள்ள வண்டியென்றால் முதலில் ஏர் கம்ப்ரசரைப் பாருங்கள்.

பெரும்பாலான லாரிகளில் ஏர் கம்ப்ரசரின் ஹெட்டும் இன்ஜின் தண்ணீரில்தான் குளிர்கிறது. அந்தச் சின்ன ஹெட்டின் கேஸ்கட் போனாலோ, ஹெட் வெடித்தாலோ, கம்ப்ரசர் அடிக்கும் காற்று தண்ணீருக்குள் ஏறும். ரேடியேட்டரில் குமிழி, மூடி வழியாகத் தண்ணீர் வெளியேறுவது, முள் ஏறி விழுவது, எல்லாம் இன்ஜின் ஹெட் கேஸ்கட் போனதுபோலவே இருக்கும்.

பர்கூர் பக்கம் கிரானைட் பிளாக் ஏற்றும் ஒரு ட்ரெய்லர் எங்களிடம் வந்தபோது, வேறு ஒரு பட்டறையில் இரண்டு முறை ஹெட் இறக்கி ஏற்றியிருந்தார்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங்கும் (அடிப்பரப்பைச் சமமாக்குவது) செய்தாயிற்று. ஓனர் ஒன்றும் பேசாமல் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் செய்தது இவ்வளவுதான். ரேடியேட்டர் ஓவர்ஃப்ளோ டியூபின் நுனியைப் பாதித் தண்ணீர் நிரப்பிய ஒரு பழைய பாட்டிலில் விட்டோம். ஏர் டேங்க்குகளைத் திறந்து முழுக்கக் காலி செய்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்தோம். ஏர் மீட்டர் முள் ஏற ஏற, பாட்டிலில் குமிழி சரசரவென்று வந்தது. 8 பார் பக்கம் வந்ததும் வழக்கம்போல "புஸ்" என்று காற்று கட் ஆனது, அதாவது கம்ப்ரசர் டேங்க்குக்கு அடிப்பதை நிறுத்தியது. பாட்டிலைப் பார்த்தால் ஒரு குமிழி, இன்னொரு குமிழி, பிறகு தண்ணீர் அசையவே இல்லை. பிரேக்கை நாலு முறை மிதித்துக் காற்றைக் குறைத்தோம். கம்ப்ரசர் மறுபடி அடிக்க ஆரம்பித்த நொடியில் குமிழியும் வந்தது. ஓனர் எழுந்து வந்து அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்ரசர் ஹெட் கேஸ்கட் மாற்றினோம். வண்டி அன்று மாலையே கிளம்பியது.

காற்று கட் ஆன பிறகும் குமிழி அதே வேகத்தில் வந்தால், அப்போது இன்ஜின் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வலுவாகும். உறுதி செய்ய, கம்ப்ரசருக்குப் போகும் இரண்டு தண்ணீர் லைனையும் கழற்றி, இன்ஜின் பக்க முனைகளை ஒரு ஹோஸால் இணைத்து, நின்ற இடத்திலேயே சில நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் கம்ப்ரசர்; நிற்காவிட்டால் ஹெட். அந்த நிலையில் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. தினமும் காலையில் ஏர் டேங்க் டிரெயினைத் திறக்கும்போது கூலண்ட் நிறத்தில் தண்ணீர் வந்தாலும் கம்ப்ரசர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆனால் தினமும் ரெண்டு லிட்டர் தண்ணீர் ஊத்துறேன். எங்கே போகுது?

மூன்று இடம். ஆயிலுக்குள் போகலாம்: டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் கலங்கியிருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். ஏர் சிஸ்டத்துக்குள் போகலாம். மேலே சொன்ன கம்ப்ரசர். புகை வழியாகப் போகலாம்: சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, அதில் லேசாக இனிப்பு வாசம் அடித்தால் ஹெட் கேஸ்கட், அல்லது இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள வண்டியில் இ.ஜி.ஆர். கூலர் ஓட்டை. கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இவை தவிர, கண்ணுக்குத் தெரியாத வெளிக் கசிவும் இருக்கலாம்: வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. ஓடும்போது அங்கே கசியும் தண்ணீர் சூட்டில் காய்ந்துவிடும், தரையில் சொட்டாது. துளைக்குக் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புக் கோடு இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது.

நம்ம ஊர் போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊத்தலாமா? கூலண்ட் குளிர் நாட்டுக்குத்தானே?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது. ரேடியேட்டரைக் கெடுப்பது அதே தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே ஓடு லைனரின் மேலும் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் பிடிக்கும். சூட்டைக் கடத்தாது. அவசரத்துக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வடித்துவிட்டு, மினரல் நீக்கிய தண்ணீரும் கூலண்டும் கம்பெனி சொன்ன அளவில் நிரப்புங்கள். பெரும்பாலும் பாதிக்குப் பாதி.

நம் ஊரில் தண்ணீர் உறையாது, உண்மைதான். கூலண்ட் வேறு வேலைகளும் செய்கிறது. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. வெட் லைனர் (வெளிப்பக்கம் தண்ணீரில் நனையும் லைனர்) உள்ள டீசல் இன்ஜினில், ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும்போது அதன் வெளிப்பக்கத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து இரும்பை ஊசி குத்தியதுபோல அரிக்கும். வெறும் தண்ணீரில் ஓடிய லைனரை வெளியே எடுத்தால் கரையான் அரித்த மரம் மாதிரி இருக்கும். அதைத் தடுக்கும் மருந்து டீசல் கூலண்டில்தான் இருக்கிறது. நிறத்தைப் பார்த்துக் கூலண்டைக் கலக்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் வருகிறது.

ரேடியேட்டர் மூடிக்கு இவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 15 பி.எஸ்.ஐ. மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் 115 தாண்டினாலும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மேட்டில் கொதித்து, நீராவிக் குமிழி சென்சாரைத் தொட்டு, முள் ஆடும். மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. மூடியில் உள்ள எண் உங்கள் வண்டிக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள்.

கணவாய் நடுவில் சிவப்புக்குப் போயிடுச்சு. என்ன செய்யணும்?

தண்ணீர் கொட்டுகிறதா, நீராவி வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். கசிவு எதுவும் இல்லாமல் சூடு மட்டும் ஏறியிருந்தால், ஓரம் கட்டி நியூட்ரலில் கொஞ்சம் கூடுதல் ஐடிலில் விட்டு ஃபேனை ஓட விடுங்கள். இரண்டு நிமிடத்தில் இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். ஈரச்சாக்கு போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பி, முகமும் கழுத்தும் வெந்துபோன ஒரு கிளீனர் தம்பியை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், விறைப்பாக இருக்கக் கூடாது. அதன் பிறகு முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை விட்டு, பிறகு திறங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். இன்ஜின் ஆறிய பிறகு ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காற்று வெளியேறும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை விடுங்கள்.

பட்டறைக்கு வருவதற்கு முன் நாங்க என்ன பார்த்துட்டு வரணும்?

முள் துள்ளியதா, ஏறியதா, ஏறி விழுந்ததா. மேட்டிலா, நிற்கும்போதா, லைட் போட்டபோதா. கடைசியாக எப்போது, எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினீர்கள். வேறு பட்டறையில் என்ன மாற்றினார்கள். இதைப் போனில் டைப் செய்து வைத்துக்கொண்டால்கூடப் போதும். முடிந்தால், முள் ஆடும்போது கிளீனரை விட்டு டேஷ்போர்டை ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டீசல் முள்ளும் ஏர் முள்ளும் அதில் சேர்ந்து தெரிய வேண்டும். ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது.

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி கேபினில் போட்டு வையுங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைப் பார்த்து அடித்து, அந்த எண்ணை முள்ளோடு ஒப்பிடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பாகக் குறைத்துக் காட்டும். ஹவுசிங்கில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டு, எப்போதும் அந்தப் பொட்டையே குறி பாருங்கள்.